நூற்று நான்கு பக்கம் போதும்

கண்ணு,

ஒரு பக்கம்கூடச் சேர்க்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் அப்பா இறங்கி வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே படிப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கெல்லாம் நான் "சரி கண்ணு, பாக்கலாம்" என்றேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் உன்னோடு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. நீ போனை வைத்ததும் அவளே கேட்டாள்: "பாக்கலாம்னு சொன்னீங்களே, எதப் பாப்பீங்க?" அதனால்தான் எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதில் பேச்சென்றால் வாய் தடுமாறுகிறது. பேனா பிடித்தால் இன்னும் நிதானமாகத்தான் இருக்கிறேன்.

நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். சென்னையில் பதிப்பகம் நடத்தும் உன் சிநேகிதர் நான் புதிதாக எழுதியனுப்பியதைப் படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் நூற்று நான்கு பக்கத்தை நாவல் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், புத்தகத்தின் முதுகில் பெயர் போடக்கூட இடம் இருக்காது, இருநூற்றைம்பது பக்கமாவது வேண்டும் என்றார். அதைவிட, நான் முதலில் எழுதிய அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையே கொடுத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்புவேன் என்றார். நீயும் அதையே சொன்னாய். "ஏனுங்கப்பா, அந்த மழைய எல்லாம் எதுக்குங்க எடுத்தீங்க? எவ்வளவு நல்லா இருந்துச்சு!" என்றாய். பிறகு குரல் மாறி, "இத எழுதி யாருக்குங்கப்பா என்ன ஆவப்போவுது? இதுல நானும் வர்றேனே" என்றாய். அதற்கப்புறம் நீ நீளத்தைப் பற்றிப் பேசவேயில்லை. அதை நான் கவனித்தேன்.

நீளமான நாவலுக்கு நான் எதிரி இல்லை. அது உனக்கே தெரியும். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த முப்பத்தோரு வருஷமும், காலையில் ஆட்களின் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியபின் மழை பிடித்துக்கொண்டால், மேஜை டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே புத்தகம் படித்தவன் நான். செங்கல் கனத்துக்கு இருக்கும் நாவல்களைப் படித்திருக்கிறேன். அதில் ஒன்றைப் படித்து முடிக்க மூன்று மழைக்காலம் ஆனது. அதிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழிக்க எவனாவது வந்திருந்தால் கையை உடைத்திருப்பேன். சேலத்திலிருந்து நேரே ஏறினால் ஏற்காட்டுக்கு ஒரு தூரம், குப்பனூர் சுற்றி ஏறினால் வேறு தூரம். இரண்டில் எதையும் பார்த்து இது மலைப்பாதையே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. புத்தகத்துக்கு மட்டும் இத்தனை பக்கம் இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் நிற்க இவர்கள் யார்? என் அறுநூறு பக்கத்தைப் பெரிய நாவல் என்று சொன்ன மனிதர், அது எதனால் அறுநூறு பக்கம் ஆனது என்று ஒரு தடவையாவது கேட்டாரா? நீ கேட்டாயா? நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. மார்கழி கடைசி, காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. உனக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே ஓடி வந்துவிட்டாள். எஸ்டேட் ஜீப்பின் சாவி என் டிராயரில் இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. டிரைவர் மாணிக்கத்தின் கையில் சாவியைக் கொடுத்து, நானும் ஏறி உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் சேலம் ஆஸ்பத்திரியில் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழியில் சீட்டெல்லாம் வாந்தி எடுத்தாய். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்த வாரக் கடைசியில் முதலாளி குடும்பத்தோடு வந்தார். வண்டியில் வாடை அடிக்கிறது என்று அவர் சம்சாரம் சொல்லியிருக்கிறார். காப்பி உலர்த்தும் களத்தில், ஐம்பது ஆட்கள் முன்னால் என்னை நிறுத்திவைத்து, "ரைட்டர், இது உங்க ஊட்டு வண்டியில்ல. இனி என்னக் கேக்காம சாவி வெளிய போச்சுன்னா, கூடவே நீங்களும் போயிருங்க" என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. தை மாதம், ஒரு நாள் காலை பதினொரு மணி. தலைச்சோலைப் பழனியம்மா அவள் மகள் பூங்கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். பழனியம்மாவுக்கு ஊரில் கொஞ்சம் சொந்தக் காடு உண்டு. பறிப்புக் காலத்தில் மட்டும் எங்கள் எஸ்டேட்டுக்கு வருவாள். அன்று களத்தில் காப்பிக்கொட்டை தெள்ளிக்கொண்டிருந்தவள். பூங்கொடிக்கும் உன் வயதுதான். நீயும் அவளும் சேர்ந்து களத்தில் உருண்டு புரண்டு என்னிடம் அடி வாங்கியிருக்கிறீர்கள், உனக்கு ஞாபகம் இருக்காது.

"ஏனுங்க ரைட்டருங்க, புள்ளைக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுங்க. கம்பவுண்டரு இப்பவே சேலத்துக்குக் கொண்டு போவச் சொல்லிட்டாருங்க. ஜீப்பக் குடுங்க சாமி" என்றாள்.

"மொதலாளியக் கேக்கோணும் பழனியம்மா. இரு, மெட்ராசுக்குப் போன் போட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். போன் மேஜைமேல் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. எடுத்துக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கேட்டதற்கும் சேர்த்துத் திட்டுவார் என்றும் தெரியும். காலண்டரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து, "லைன் கெடைக்கல. ரெண்டரை பஸ்சுக்குப் போயிரு" என்றேன். மாணிக்கம் என் பின்னாலேயே வந்தான். "மொதலாளி ஊட்டு விருந்தாளிங்க வர்ற ரயிலு சாயங்காலந்தானுங்க. நான் இவங்கள எறக்கி உட்டுட்டு அப்பிடியே ஸ்டேசனுக்குப் போயிர்றனுங்க. யாருக்குங்க தெரியப்போவுது?" என்று கெஞ்சினான். வேண்டாம் என்றேன். மூன்றரை மணி நேரம் அந்த ஜீப் ஷெட்டில் சும்மா நின்றது. ரெண்டரைக்குப் பழனியம்மா பஸ் ஏறினாள். மாணிக்கம் முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்பி, மலையில் இறங்கும்போது அந்த பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு போனான். பஸ் அடிவாரம் சேர்வதற்குள் பூங்கொடி போய்விட்டாள்.

இதுதான் நடந்தது. சொல்ல எவ்வளவு நேரம் ஆனது பார். இதை எழுதத்தான் வேலையிலிருந்து நின்ற மறுமாதமே உட்கார்ந்தேன். ஆனால் போன் மேஜைமேல் இருந்தது என்ற இடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. லைன் உண்மையிலேயே கிடைக்கவில்லை என்று எழுதிப் பார்த்தேன். எழுத்து உடனே ஓடத் தொடங்கியது. லைன் கிடைக்காமல் போக ஒரு காரணம் வேண்டுமல்லவா? மழையைக் கொண்டுவந்தேன். தை மாதத்தில் அப்படி மழை வராது என்பதால் கதையையே ஐப்பசிக்குத் தள்ளினேன். மழைக்குப் பதினோரு பக்கம், மரம் விழுந்து போன் கம்பி அறுந்ததற்கு ஆறு பக்கம். அப்படியும் அந்த ரைட்டர்மேல் சந்தேகம் வந்துவிடுமோ என்று அவனுக்கு ஒரு நோயாளித் தாயை வைத்தேன். முதலாளியைக் கொடுமைக்காரனாக்க அவருடைய தாத்தா காலம்வரைக்கும் போனேன். நடுவில் ஒரு காதல். ஒரு மண்சரிவு. எட்டு வருஷம் எழுதினேன். நீ அதை டைப் செய்து பைண்டு போட்டுக் கொடுத்தபோது கையில் தூக்கிப் பார்த்துப் பூரித்துப்போனேன். காய்ச்சலில் இழுத்த மேனேஜரின் பையனை ஜீப்பில் தூக்கிக்கொண்டு போகும் கட்டம் அதில் முந்நூற்று நாற்பதாம் பக்கத்தில் வருகிறது. அது நீதான், கண்ணு. நீயே இரண்டு தடவை படித்தாய், உனக்கே தெரியவில்லை. நீ ஏமாளி என்பதற்காகச் சொல்லவில்லை. உன் அப்பன் அவ்வளவு நன்றாக ஒளித்து வைத்திருந்தான்.

இதில் நீயும் ஒன்றும் குறைந்தவன் இல்லை. கோயமுத்தூரில் படிக்கும்போது ஒரு தடவை நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டல் சாம்பார், அறைத் தோழனின் குறட்டை, பாத்ரூமில் வராத தண்ணீர் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஓரத்தில் 'ரெண்டு பேப்பர் போச்சுங்கப்பா' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தாய். நான் சாம்பாரைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "கடைசி வரியப் படிங்க மொதல்ல" என்றாள். இனி யாராவது உன்னிடம் நிறையப் பேசினால், நீயே நிறையப் பேசுவதாகத் தோன்றினால், எந்த வரிக்கு வராமல் இருக்க இவ்வளவும் என்று பார். அறுபது பக்கத்திலும் ஒளியலாம், ஆறு வார்த்தையிலும் ஒளியலாம் என்று நீ சொல்வாய். ஒளியலாம்தான். எனக்கு அறுநூறு தேவைப்பட்டது.

பைண்டு போட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு தலைச்சோலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று நீ கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். பழனியம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வீட்டையொட்டிக் கொஞ்சம் காப்பி, நாலு ஆரஞ்சு மரம், ஒரு எருமை. படிக்கத் தெரியாது. "உன்னையும் பூங்கொடியையும் வெச்சு ஒரு கதை எழுதியிருக்கறேன், படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டதும், "சொல்லுங்க" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் மத்தியானம் போய்ப் படித்தேன். மூன்றாம் நாள், முதலாளியின் தாத்தா மலைக்கு முதலில் குதிரையில் வந்த கட்டத்தில், "ஏனுங்க ரைட்டருங்க" என்று நிறுத்தினாள். "எம்புள்ள எப்பங்க வருவா?"

நூறு பக்கத்துக்குமேல் படித்திருந்தேன். அவள் மூன்று நாளாகத் தன் பிள்ளை வரட்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அவசர அவசரமாகத் தாள்களைப் புரட்டி முந்நூற்று எண்பத்தெட்டுக்குப் போய், அந்த மழையிலிருந்து படித்தேன். இரண்டு பக்கம் கேட்டாள். "அன்னைக்கு மழைங்களா?" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை; உண்மையாகவே யோசித்தாள். "களத்துல கொட்ட காஞ்சுட்டு இருந்துச்சுங்களே. நானுந்தான தெள்ளிக்கிட்டு இருந்தேன். நொம்ப வெயிலுங்க அன்னைக்கு. புள்ள மூஞ்சில வெயிலு படாம முந்தானையப் போட்டுத்தான தூக்கியாந்தேன்."

புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நீயும் உன் சிநேகிதரும் இன்றைக்கும் புகழ்கிற மழை அதுதான். அன்றைக்கு வெயில், கண்ணு. வெயில் அடித்தது என்று எழுதினால் போன் கம்பி அறுந்திருக்காது. கம்பி அறுந்திருக்காவிட்டால் நான் போனை எடுக்கவில்லை என்று எழுத வேண்டும். அதை எழுதிவிட்டால் அந்தத் தாயும் தாத்தாவும் மண்சரிவும் எதற்கு? ஒவ்வொன்றாகத் தானாகவே விழுந்தன. ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து புதிதாக எழுதினேன். பூங்கொடி முதல் வரியிலேயே வருகிறாள். நூற்று நான்காம் பக்கத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஒன்றும் மிச்சமில்லை. தெரியாததை இட்டு நிரப்ப இனிமேல் என்னால் ஆகாது. உன் சிநேகிதருக்கு முதுகில் பெயர் போட இடம் வேண்டுமானால் அவர் முதுகில் போட்டுக்கொள்ளட்டும்.

அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது கடைக் கணக்கு. ஆனால் நீ சொன்னதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதில் நானும் வருகிறேனே என்றாய். ஆமாம், வருகிறாய். முப்பத்தோராம் பக்கத்தில், வாந்தி எடுத்துக்கொண்டு, என் மடியில். உனக்காக ஜீப்பை எடுத்ததற்கு நான் என்றைக்கும் வருத்தப்பட மாட்டேன். நாளைக்கே திரும்ப அப்படி ஒரு காலை வந்தால், திரும்ப எடுப்பேன். பூங்கொடிக்கு எடுக்காததுதான் என் குற்றம். அதில் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு பங்கும் இல்லை, நாற்பது வயதில் வந்து நீயாக ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் உன் பக்கத்தை எடுத்துவிடு என்று மட்டும் கேட்காதே. அந்த ஜீப் உனக்குப் போனது என்று தெரியாவிட்டால், அவளுக்குப் போகாதது வெறும் விதி என்றாகிவிடும்.

புது நாவலை எடுத்துக்கொண்டு போன மாதம் திரும்பவும் தலைச்சோலைக்குப் போனேன். ஒரே மத்தியானத்தில் படித்து முடித்தேன். போனை எடுக்காமல் நின்ற இடம் வந்தபோது படிப்பதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் கொடுத்தாள். "தெரியுமுங்க" என்றாள். "சன்னலு தொறந்துதான் இருந்துச்சு. நீங்க காலண்டரப் பாத்துட்டு நின்னதப் பாத்துட்டுத்தான் நின்னேன். படிங்க." படித்தேன். முடிந்ததும் எழுந்து போனாள். எருமைக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாஞ் செரிங்க. ஒண்ண உட்டுப்போட்டீங்க" என்றாள்.

"என்ன?"

"நான் அழுதுட்டே பஸ் ஏறுனேன்னு எழுதிருக்கறீங்க. நான் அழுவுலீங்க. உங்கள வைதேன். கேட்டுச்சுங்களா, இல்லீங்களா?"

கேட்டது, கண்ணு. கேட்காத மாதிரி ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றேன். அறுநூறு பக்கத்திலும் அதை எழுதவில்லை, நூற்று நான்கு பக்கத்திலும் எழுதவில்லை. பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எம்புள்ளைக்கு இல்லாத வண்டி! உம்புள்ளையும் இப்பிடியே ரோட்டுல போவோணும்டா, நீ பாக்கோணும்" என்று கத்தினாள். நீ காலேஜுக்குப் போன நாளும், பைக் வாங்கிய நாளும், ஒவ்வொரு தடவை நீ இந்த மலையில் ஏறி இறங்கும்போதும் நான் அதைக் கேட்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, போன் பண்ணு என்று உன்னைப் பாடாய்ப் படுத்தினேனே, அது இதனால்தான். தலைச்சோலையிலிருந்து திரும்பி வந்த அன்று இரவே எழுதிவிட்டேன். ஆறு வரி. தொண்ணூற்றெட்டாம் பக்கத்தின் அடியில் வெறுமனே கிடந்த இடத்தில் அடங்கிவிட்டது. சேர்க்க மாட்டேன் என்று சொன்ன நான் சேர்த்தது இது ஒன்றுதான், அதுவும் சொல்ல வேண்டியவள் சொன்னதால்.

சேலத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். அட்டையில் 'நாவல்' என்று பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். அச்சகக்காரரும், "பக்கம் கம்மியா இருக்குதுங்களே, குறுநாவல்னு போட்டர்லாமா?" என்று கேட்டார். "உங்க ஊட்டுக் கொழந்த குட்டையா இருந்தா கொழந்தைன்னு சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நாவல் என்று குறித்துக்கொண்டார். யாருக்கும் பிடிக்காமல் போகட்டும், கடையில் யாரும் வைக்காமல் போகட்டும், எனக்குக் கவலை இல்லை. படிக்கிற ஒருவர், "இவ்வளவுதானா?" என்று கேட்டால், "ஆமாம், இவ்வளவுதான் நடந்தது. இதுவே அந்தப் பொம்பளைக்கு ஜாஸ்தி" என்று சொல்வேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கிளம்பும்போது பழனியம்மா என்னோடு ரோடுவரைக்கும் நடந்து வந்தாள். "உங்க பையன் எப்பிடி இருக்காருங்க?" என்று கேட்டாள். பெங்களூரில் வேலை, நன்றாக இருக்கிறான் என்றேன். "தெரியுமுங்க. ஏற்காட்டுல யாராச்சும் கண்ணுல பட்டாக் கேட்டுக்குவேன், ரைட்டரு பையன் நல்லாருக்கானான்னு. அன்னைக்கு வாயில வந்துருச்சு. வந்தத எடுக்க முடியலீங்க. ஒவ்வொரு வருசமும் கேட்டுக்குவேன்" என்றாள். பஸ் வரும்வரை நின்றாள். பஸ் வந்ததும், "ஒருக்கா கூட்டியாங்க. கண்ணால பாக்கோணும்" என்றாள்.

வா, கண்ணு. நாவலைப் பற்றிப் பேச வேண்டாம். உன் சிநேகிதரிடம் நான் சொன்னதையெல்லாம் சொல்லவும் வேண்டாம். லீவு போட்டு ஒரு நாள் வா, நாம் இரண்டு பேரும் தலைச்சோலைக்குப் போவோம். ஒன்றும் வாங்கிக்கொண்டு வராதே. சமாதானம் எதுவும் சொல்லாதே. அவள் எதிரில் போய் உட்கார். உன்னைப் பார்ப்பாள். உன் முகத்தில் என்ன தேடுவாள் என்று எனக்குத் தெரியாது. உனக்குச் சங்கடமாக இருக்கும், எழுந்துவிடலாம் போல இருக்கும். எழுந்திருக்காதே. அவள் பார்த்து முடிக்கிறவரைக்கும் இரு.

அப்பா